ஹெதரிசபேடியும் ஒரு வரவேற்பு வீடியோவும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. ஆணி ஜாஸ்தி. அதுவும் சாதாரண ஆணி இல்லை மக்களே, கேமரா முன்னாடி நின்னு சிரிச்சுக்கிட்டே புடுங்குற ஆணி.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். சொந்த ஊர் கோவில்பட்டி. மைசூர்ல குப்பை கொட்ட ஆரம்பிச்சு பன்னெண்டு வருஷம் ஆச்சு. (2014 நவம்பர்ல இருந்து மைசூருன்னுதான் எழுதணும். கை எழுதிரும், வாய்ல இன்னும் மைசூர்தான் வருது.) ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல புள்ளியியல் சொல்லிக் குடுக்குறேன். பேர் வேண்டாம், சம்பளம் வரணும்.

கொரோனா முடிஞ்ச கையோட எங்க காலேஜ்ல ஒரு ஸ்டூடியோ கட்டினாங்க. நல்ல கேமரா, மூணு லைட்டு, படிச்சுப் பேசுறதுக்கு டெலிப்ராம்ப்டர், பின்னாடி பச்சைத் துணி. கட்டினதுக்கு ஏதாவது எடுக்கணும் இல்லையா? 2017ல மத்திய அரசு 'ஸ்வயம்' ஆரம்பிச்சதுல இருந்தே, பாடத்துக்கு முன்னாடி வாத்தியார் வந்து ஒரு அறிமுகம் பேசுற வழக்கம் பரவிருச்சு. அதே மாதிரி நம்மளும் பண்ணணும்னு கமிட்டி சொல்லிருச்சு. முதல் பலி அடியேன்.

எப்படிப் பேசணும்னு ஒரு வார்ப்புரு குடுத்தாங்க. பாடத்தோட எண், கிரெடிட் எத்தனை, பாட விளைவு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. 2014ல இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில நிரந்தர உறுப்பினர் ஆனதுல இருந்து இன்ஜினியரிங் காலேஜ்ல யாரும் பாடம் நடத்துறதில்லை, விளைவுகளை அடையறோம். அஞ்சு விளைவையும் இங்கிலீஷ்ல, கோட்டு போட்டு, கண்ணு சிமிட்டாம வாசிச்சேன். பதினாலு டேக். பதினோரு நிமிஷ வீடியோ. முதல் ஃப்ரேம்ல என் மூஞ்சியைப் பாத்த தங்கமணி, "யாருங்க செத்தது?"ன்னு கேட்டாங்க.

யூட்யூப்ல போட்டா, ஒருத்தர் சராசரியா எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு அதுவே சொல்லிரும். எனக்கு வந்தது ஒரு நிமிஷத்துக்கும் கம்மி. பொழப்பே சராசரி கணக்கு பாக்குறதுதான், அதனால வலி கொஞ்சம் கூட. ஆனா கமிட்டிக்கு வீடியோ இருக்கா இல்லையான்றதுதான் கேள்வி. இருந்துச்சு. அப்படியே ஓடிருச்சு.

போன வருஷம் ஒரு சாயங்காலம், போன் கண்ணாடி மாத்த சயாஜி ராவ் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ன பையன் எழுந்து, "நமஸ்காரா சார்" அப்படின்னான். முகம் தெரியுது, பேர் வரலை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உறைச்சது. அதுக்கு முந்தின வருஷம் எங்கிட்ட சேந்து, மூணாவது வாரமே டிசி வாங்கிட்டுப் போன பையன். ஹுணசூர் தாண்டி ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் கன்னட மீடியம்.

"ஏன்பா விட்ட?"ன்னு கேட்டேன். பணப் பிரச்சினை, வீட்டுல கஷ்டம்னு ஏதாவது சொல்லுவான்னு நெனச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே என் போனைத் தொடச்சபடி சொன்னான். "காலேஜ் தொறக்குறதுக்கு முன்னாடி உங்க வீடியோ லிங்க் வந்துச்சு சார். நாலு தடவை பாத்தேன். ஒண்ணும் புரியலை. அறிமுகமே புரியலைன்னா பாடம் எப்படிப் புரியும்னு அப்பவே பயம் வந்துருச்சு."

நாலு தடவை. எங்க சராசரிக் கணக்குல அவனும் ஒரு ஆள். பாதியில மூடிட்டு ஓடினவங்களுக்கு நடுவுல ஒருத்தன் பதினோரு நிமிஷத்தையும் நாலு தடவை உக்காந்து பாத்திருக்கான், அவன்தான் போயிட்டான். கண்ணாடிக்குக் காசு வாங்க மாட்டேன்னு அடம் பிடிச்சான். வெச்சுட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுருச்சு.

கோவில்பட்டியில எங்க வீட்டுல டிவி வந்த புதுசுல, மதியம் தூர்தர்ஷன்ல யுஜிசி நிகழ்ச்சி ஓடும். 1984 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்ச 'நாடு தழுவிய வகுப்பறை'. முழுக்க இங்கிலீஷ். காலேஜ் இல்லாத ஊர்ப் புள்ளைங்களுக்கும் நல்ல பாடம் போய்ச் சேரணும்ன்ற உசந்த எண்ணம்தான். நாங்க என்ன பண்ணுவோம்? சத்தத்தைக் கொறச்சு வெச்சுட்டு, எப்படா முடியும்னு உக்காந்திருப்போம். எங்க ஆச்சி மட்டும், "நல்லாப் பேசுதான், படிச்ச புள்ள போல"ன்னு பாராட்டுவா. அந்த மாதிரி நிகழ்ச்சி தயாரிக்கிற மையம் மைசூர் பல்கலைக்கழகத்துலயும் உண்டுன்னு இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது. அப்ப சத்தத்தைக் கொறச்ச பய இப்ப அதே தப்பை ஹெச்டியில பண்ணியிருக்கேன்.

இன்னொரு சுத்து. மதுரையில காலேஜ் முதல் நாள். நானும் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம்தான். கணக்கு சார் ஒரு மணி நேரம் இங்கிலீஷ்ல நடத்தினார். எனக்கு ஒரு எழவும் புரியலை, பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். மணி அடிக்கிறப்ப சாக்பீஸைக் கீழ வெச்சுட்டு, "பயப்படாதீங்கடா, ரெண்டு மாசத்துல பழகிரும்" அப்படின்னார். அந்த ஒரு மணி நேரத்துல அவர் பேசின ஒரே தமிழ் அதுதான். நான் ஊருக்கு பஸ் ஏறலை.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வருஷம் வீடியோவைத் திரும்ப எடுக்குறதுன்னு முடிவு பண்ணினேன். கன்னடத்துல. பன்னெண்டு வருஷத்துக் கன்னடம்னா பெருசா நெனச்சுடாதீங்க. காய்கறிக் கன்னடம், ஆட்டோக் கன்னடம். தமிழனுக்கு ஒரு தைரியம் உண்டு: 'ப'வை எடுத்துட்டு 'ஹ' போட்டாப் போதும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இந்த ஃபார்முலாவை நம்பியே பன்னெண்டு வருஷம் ஓட்டிட்டேன். காவிரிப் பிரச்சினை பெருசான 2016 செப்டம்பர்ல மட்டும் கொஞ்ச நாள் கடையில வாயையே தொறக்காம கை காட்டிச் சாமான் வாங்கினேன். அது வேற கதை. அப்ப பால் வாங்கிக் குடுத்தது பக்கத்து வீட்டு அஜ்ஜி.

எடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சேன். 2014ல பிலிப் குவோன்றவரும் இன்னும் ரெண்டு பேரும் எட்எக்ஸ் பாடங்கள்ல, மாணவர்கள் வீடியோ பாத்த பதிவுகளை கிட்டத்தட்ட 69 லட்சம் எடுத்து அலசியிருக்காங்க. ஆறு நிமிஷத்துக்கு மேல போனா ஆள் நிக்க மாட்டான். பெரிய ஸ்டூடியோவுல எடுத்ததை விட, வாத்தியார் தன் மேசையில உக்காந்து நேரா பேசினதை ஜனங்க நல்லா பாக்குறாங்க. கொஞ்சம் வேகமா, உற்சாகமாப் பேசினா இன்னும் நல்லது. இதைப் படிச்சதும் எங்க காலேஜ் லைட்டுக்கு ஆன செலவு ஞாபகம் வந்து சிரிப்பு வந்துச்சு.

மேசையே போதும்னு வேற ஒருத்தரும் சொல்லாமச் சொல்லியிருக்கார். மைசூர் பல்கலைக்கழகத்துல மனோதத்துவப் பேராசிரியரா இருந்த கோபாலசாமி, 1935ல தன் வீட்டுலயே 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வெச்சு ஒரு வானொலி நிலையம் ஆரம்பிச்சார். அதுக்குப் பேர் ஆகாசவாணி. அந்தப் பேரைத்தான் பின்னாடி அகில இந்திய வானொலி எடுத்துக்கிச்சு. யாதவகிரி வழியா ஸ்கூட்டர்ல போறப்பல்லாம் இந்த மனுசன் ஞாபகம் வரும். வாத்தியார் உத்தியோகம் பாத்துக்கிட்டே வீட்டுல ரேடியோ ஸ்டேஷன்! எந்தக் கமிட்டியும் அவரைக் கேட்டிருக்காது.

ஞாயித்துக்கிழமை காலையில எங்க சாப்பாட்டு மேசைதான் ஸ்டூடியோ. ஊர்ல இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல கொண்டு வந்த கடலைமிட்டாய் பாக்கெட்டை அடுக்கி, அதுல போனைச் சாய்ச்சு வெச்சேன். (நம்ம கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கெடைச்சதுன்றதை இந்த இடத்துல சம்பந்தமில்லாமச் சொல்லிக்கிறேன்.)

பாட விளைவு எதையும் சொல்லலை. "நிம்மூர பஸ் தினா ஒந்தே டைமுக்கு பருத்தா?"ன்னு ஆரம்பிச்சேன். உங்க ஊர் பஸ் தினமும் ஒரே நேரத்துக்கா வருது? வராது. ஆனாலும் எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு உங்க அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள் முன்ன, ஒரு நாள் பின்ன, எல்லாத்தையும் மனசுல கூட்டிக் கழிச்சு ஒரு நேரம் வெச்சிருக்காங்க. அதுதான் சராசரி. கன்னடத்துலயும் அதுக்குப் பேர் சராசரிதான்! இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... அம்மா பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கெளப்பி விடுறாங்க பாத்தீங்களா, அது திட்ட விலக்கம். அவ்வளவுதான் முதல் ரெண்டு பாடம்னு சொன்னேன்.

நடுவுல தெருவுல "சொப்போ... சொப்பூ..."ன்னு கீரைக்காரர் கத்திக்கிட்டே போனார். நிறுத்தலை. கடைசியா மதுரை சார் ஸ்டைல்ல முடிக்கலாம்னு கேமராவைப் பாத்து, ரொம்ப உருக்கமா, "ஹெதரிசபேடி" அப்படின்னேன். நாலரை நிமிஷம். ரெண்டே டேக். பொண்ணு ஸ்கூல் கேம்ப்புக்குப் போயிருந்தா, சரி பாக்க ஆள் இல்லை. அப்படியே ஏத்திட்டேன்.

காலேஜ் தொறந்த முதல் நாள். வகுப்புல நுழைஞ்சேன். அறுபது பேரும் எழுந்து நின்னு அடக்க முடியாம சிரிக்கிறாங்க. கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல், கன்னடத்துல: "சார், நாங்க உங்களை பயமுறுத்த மாட்டோம். தைரியமா வாங்க!"

விஷயம் என்னன்னா, 'பயப்படாதீங்க'ன்றதுக்கு 'ஹெதரபேடி'ன்னு சொல்லணும். நான் சொன்ன 'ஹெதரிசபேடி'ன்னா 'பயமுறுத்தாதீங்க'. அதாவது ஒரு ப்ரொஃபஸர் கேமரா முன்னாடி கை கூப்பி, கொரல் கம்ம, தயவுசெஞ்சு என்னை பயமுறுத்தாதீங்கன்னு அறுபது பேர்கிட்ட கெஞ்சியிருக்கேன். பொண்ணு கேம்ப்ல இருந்து வந்து அதைப் பாத்துட்டு, "அப்பா, ப்ளீஸ், டெலீட் பண்ணுங்கப்பா"ன்னு கட்டில்ல குப்புற விழுந்து சிரிச்சா.

எடுக்கலை. ஏன்னா அந்த முதல் மணி நேரத்துலயே பத்துப் பதினஞ்சு பேர் கை தூக்கிக் கேள்வி கேட்டாங்க, பாதி கன்னடம் பாதி இங்கிலீஷ்ல. பன்னெண்டு வருஷத்துல அது எனக்கு நடந்ததே இல்லை. சார் பேசுற கன்னடத்தைக் கேட்டப்புறம் தன் இங்கிலீஷை நெனச்சு எவன் கூச்சப்படுவான்? பரீட்சைத்தாள் குடுக்கப் போனா இப்பல்லாம் வகுப்பே கோரஸா "ஹெதரிசபேடி சார்"ன்றாங்க. அங்க அது இலக்கண சுத்தமாப் பொருந்துது வேற.

கமிட்டிக்கு மட்டும் மனசு ஆறலை. அஞ்சு விளைவையும் எழுத்துல ஓட விட்டு அனுப்பச் சொல்லியிருக்காங்க. கீழ ஓரமா ஓடவிட்டுரலாம்னு இருக்கேன்.

அந்த போன் கடைப் பையன் நம்பர் ரசீதுல இருந்துச்சு. வீடியோ லிங்க்கையும், விட்டுப்போனவங்க திரும்பச் சேர என்ன வழின்னு ஆபீஸ்ல விசாரிச்சதையும் அவனுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துச்சு. நாலு நாள் பதில் இல்லை. நேத்து ராத்திரி ஒரே ஒரு வரி வந்துருக்கு: "சார், அது ஹெதரபேடி."

அடுத்த வாரம் போன்ல பேட்டரி மாத்தணும்னு சாக்கு வெச்சுக்கிட்டு கடைக்குப் போகலாம்னு இருக்கேன்.