உழவாரமும் பழநினைவும்

யான் வால்பாறைத் தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கெழுதுபவன். பேரூரில் நோயுற்றுக் கிடந்த எந்தையார் அழைத்தகாலை, பாகப்பிணக்கை மனத்துட்கொண்டு, மழையைக் காரணங்காட்டி மலையிறங்காதிருந்தேன். ஆழியாற்றுக்குச் செல்லும் 40 வளைவுகளுள் ஒன்றேனும் அன்று அடைபட்டிலது. மூன்றாநாட் சென்றபோது ஈமக்கடன் முடிந்திருந்தது.

அந்நினைவை ஒழித்தற்பொருட்டுத் தலயாத்திரைகள் செய்தேன். ஆண்டுக்கொருமுறை செய்த கழுவாய் அத்திங்களளவே நின்றது.

அப்பொழுதே அப்பரடிகள் வரலாறு எனக்குப் புதிதாய்த் தோன்றிற்று. தமக்கையார் திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் நாடோறும் அலகிட்டு மெழுகினார். மீண்டுவந்த தம்பியாரோ உழவாரப்படையைக் கைவிட்டாரல்லர். சமண் சார்ந்து கழிந்த காலத்தை அவர் மறைத்தாருமல்லர். தம் பதிகங்களிற் சொல்லிச் சொல்லி இரங்குகின்றார். இரக்கம் நெஞ்சிலிருக்கக் கை புல்லைச் செதுக்கிற்று. இவ்விரண்டும் ஒருங்கிருத்தல் கூடுமென்பதை அதுகாறும் யான் அறிந்திலேன். நுகர்வினையை மாற்றுதற்கில்லை, இன்று ஏறும் எதிர்வினைக்கே காவல் வேண்டுமென்பது சாத்திரங் கற்ற அன்பர்களுக்குப் புதிதன்று, யானும் கற்றவனே!

இப்பொழுது வேலைச்சங்கு ஊதுமுன் தோட்டத்து முருகன்கோயில் முற்றத்தைச் செதுக்கி வருகின்றேன். ஆனியாடியில் விடாமழை, நேற்றுச் செதுக்கிய இடத்தே இன்றும் புல் தலைகாட்டும். தேயிலையும் அத்தகையதே. முறைதவறாது கொழுந்து கிள்ளினால் இடுப்பளவிற் செடியாய் நிற்கும். கைவிட்டால் மரமாய் ஓங்கிவிடும்.

எந்தையார் நினைவு இன்றும் நாடோறும் வருகின்றது. முன்போல் யான் அஞ்சி ஓடுவதில்லை. சென்ற திங்கள் புல்லை வாரிக் கொட்டுகையில், அவர் என்னைத் தோளிலேற்றிப் பேரூர்ப் பங்குனித்தேர் காட்டியது தோன்றிற்று. பிணக்கிற்கு முந்திய நினைவொன்று வந்தது அதுவே முதன்முறை.