நல்ல கைக்கு விலங்கு

பாரிசவாயு என்ற சொல் காதில் விழுந்ததுமே நமது குடும்பங்களில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எல்லோரும் கண்ணீர் விடுகிறோம். நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு வேண்டியதையெல்லாம் நாமே செய்து முடிக்கிறோம். கண்ணீரால் கெடுதல் இல்லை. மற்றதைப் பற்றித்தான் சிறிது சொல்ல விரும்புகிறோம்.

நம் உறவினரான பெரியவர் ஒருவர், உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்நோயில் விழுந்து பிழைத்து எழுந்தார். வலது கை துவண்டுவிட்டது. ஆயினும் விரல்கள் சற்று அசைந்தன. மணிக்கட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது. அந்தக் கொஞ்சத்தைக் கேட்பார் யார்? இடது கையால் உண்பது நம் வழக்கத்துக்கு ஒவ்வாது. ஆகவே மருமகள் சாதம் பிசைந்து ஊட்டினாள். பேரன் பித்தான் போட்டுவிட்டான். பாக்கி வேலைகளை இடது கை ஏற்றுக்கொண்டது. நாலு மாதத்தில் வலது கை, வேலையில்லாத உத்தியோகஸ்தரைப் போல மடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

இதன் சூட்சுமத்தைக் கண்டறிந்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எட்வர்டு டாப். குரங்கின் ஒரு கையிலிருந்து உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்புகளை அறுத்தால், அசைக்கும் நரம்புகள் கெடாமலிருந்தும், அது அக்கையை உபயோகிப்பதில்லை. நல்ல கையைக் கட்டிவிட்டாலோ, கைவிட்ட கையாலேயே உணவை எடுக்கிறது! ஆரம்பத்தில் முயன்று தோற்றதனால் அக்கையை மறக்கப் பழகிக்கொண்டது என்பது அவர் முடிவு. அவருடைய குரங்குகள் பட்ட பாட்டைக் குறித்து 1981-ல் வழக்கே நடந்தது. அந்த வாயில்லா ஜீவன்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதே முறை மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டது. பாரிசவாயு கண்டு மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பகுதியாருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பங்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி அளித்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்களுடைய நலிந்த கை மற்றவர்களுடையதைவிட நன்றாக வேலை செய்தது.

இங்கே உயிர்நாடி எண்ணிக்கைதான். சிகிச்சைக் கூடங்களில் ஒரு வேளைப் பயிற்சியில் நோயாளி கையால் எத்தனை முறை காரியம் செய்கிறார் என்று சிலர் எண்ணிப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அக்கணக்கின்படி சராசரி 32. மூளையில் மாறுதல் கண்ட விலங்குப் பரிசோதனைகளிலோ தினம் நூற்றுக்கணக்கான முறை!

நம் பெரியவருக்கும் பிஸியோதெரபி நிபுணர் இடது கையில் உறை மாட்டினார். எதிரே பல்லாங்குழியை வைத்து, புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் குழி மாற்றச் சொன்னார். கொட்டை நழுவும், பெரியவர் முகம் சிவக்கும், மருமகளின் கை தன்னையறியாமல் முன்னே நீளும். "வேண்டாம், அம்மா! அவரே எடுக்கட்டும்" என்று நிபுணர் தடுப்பார். அவள் உள்ளே போய் அழுத நாட்களும் உண்டு. ஊட்டுவதைக் காட்டிலும் ஊட்டாமலிருப்பது எவ்வளவு கடினம் என்பதை அப்போது கண்டோம்.

கை பழைய கையாகிவிடவில்லை. ஆனால் இன்று அவர் தாமே பிசைந்து உண்கிறார், கோணலாகவேனும் கையெழுத்திடுகிறார்.

இதைப் படித்துவிட்டு எவரும் நோயாளியின் கையைத் தாமே கட்டிவிட வேண்டாம். விரலும் மணிக்கட்டும் சிறிதேனும் அசைபவர்களுக்கே இம்முறை ஏற்றது. மாடிப்படியிலும் வெந்நீரண்டையிலும் உறை கூடாது. நோய் கண்ட 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி அதிகமாக நடமாடச் செய்வது நன்மையைக் குறைத்தது என்று, 2104 பேரைக் கொண்டு நடந்து 2015-ல் வெளியான பரிசோதனை காட்டியிருக்கிறது. காலமும் அளவும் வைத்தியர் சொல்ல வேண்டியவை.

குடும்பத்தார் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக எண்ணுவது. சுயராஜ்யம் பிறர் கொடுத்து வருவதல்ல என்று படித்த தேசம் இது. ஒரு கையின் சுயராஜ்யமும் அப்படித்தான்.