ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்பு

2003 ஏப்ரல் 22. மகாராஷ்டிரத்தில் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டம். சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் அதிகாலை மூன்று மணி ஷிஃப்டுக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். ஆலைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தபோது விபத்து. உயிர் போயிற்று.

குடும்பத்துக்கு ரூ. 3,26,140 தரச் சொன்னார் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர். 2011-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வழியில் இறந்தவர் வேலையில் இறந்தவரல்லவாம்.

முன்னுதாரணமும் இருந்தது. 1971-ல் சைக்கிளில் வேலைக்குப் போன தொழிலாளி மீது, தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் முன்பு லாரி மோதியது. அது பணிக்காயமல்ல என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2025 வரை நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் முதலாளியின் தவறை நிரூபிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதன் கீழ் இழப்பீடு கேட்டவர், அதே காயத்துக்காக முதலாளி மீது சிவில் வழக்குத் தொடர முடியாதிருந்தது. ஒரு கதவைத் தட்டினால் மற்றது மூடிக்கொள்ளும். தட்டிய கதவும் திறக்காவிட்டால்?

2010-ல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. வேலையோடு தொடர்பிருந்தால் வழியில் நேரும் விபத்தும் பணிக்காயமே என்றது திருத்தம். அதே கண்ணோட்டத்தைக் காவலாளியின் வழக்குக்கும் பொருத்தி, 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மீட்டுத் தந்தது.

மூன்று மணி ஷிஃப்டுக்கு இருட்டில் கிளம்பியவர் வேறு எங்கே போயிருப்பார்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க 22 ஆண்டுகள் ஆயின.