பேர் இல்லாத நாட்கள்

மலையகத்துத் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதி அறியாத பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப் பேர். நிறை குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் பேர் விழவில்லையானால் அன்றைக்கு அந்த மனிதர் இல்லை. அவர் லயத்துக் காம்பராவில் கம்பளிக்குள் நடுங்கியபடி கிடக்கலாம், கணக்கில் இல்லை. என் தாயார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஹட்டனை அடுத்த தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். காய்ச்சல் வரும்போது அவர் முதலில் நினைப்பது மருந்தையன்று, போகவிருக்கும் பேரை.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கில் முடங்கியபோது தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்குக் கிடைத்தது. கொழுந்து காத்திருக்காதல்லவா? மறு ஆண்டு மே மாதம் கொள்ளைநோய் எங்கள் லயத்துக்கும் வந்தது. நான்காம் காம்பராவில் இருந்த மாமா ஐந்து நாள் இருமலை மறைத்துக்கொண்டு மலைக்குப் போனார். பின்னர் லயத்தார் அவரை ஏசினார்கள், நானும் ஏசினேன். ஆனால் அவர் போட்ட கணக்கு எளியது. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபாவாகியிருந்தது. தனிமைப்படுத்தினால் 14 நாள். அதில் 12 வேலைநாள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் 24 பேர், 24,000 ரூபா. இருமலை விழுங்கிக்கொண்டு கூடையைத் தூக்கிய அம்மனிதரை நான் இன்று ஏச மாட்டேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவுகளில் அறிவித்தல் ஒட்டினார். சில நாட்களில் அரிசி, மா, பருப்பு, சீனி கொண்ட உலர் உணவுப் பொதி வந்தது; பத்தாயிரம் ரூபா பெறுமதி என்றார்கள். இழந்த சம்பளத்தில் அது பாதிகூட இல்லை. எனினும் அம்மா அந்தப் பொதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காச்சலுக்கு அரிசி வந்தது இந்தப் பொறப்புல இதான் மொதத் தடவ" என்றார்.

அந்தப் பதினான்கு நாட்களில்தான் என் தாயார் நோயாளியாகப் படுத்திருந்ததை நான் கண்டேன். படுக்கச் சொன்னது அரசு, ஆகவே படுத்தார்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. எங்கள் மலையில் அது அதற்கு முன்பே முடிந்திருந்தது. 2022இன் பஞ்சத்தில் கொள்ளைநோயை நினைக்க எவருக்கும் ஓய்விருக்கவில்லை. பொதியும் போயிற்று, படுக்கும் அனுமதியும் போயிற்று. அந்த ஆண்டு ஆடி மழையில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. நான் பாடசாலைக்குச் சுகயீன லீவுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு பிரட்டுக்குப் புறப்பட்டார்.

"இன்னைக்குப் போகாதம்மா."

"பேர் போயிடும்ப்பா. நீ கடுதாசியக் குடுத்திட்டுப் படு."

அன்று அவரால் நிறை கொடுக்க இயலவில்லை. அரைப் பேர் போட்டார்கள். அதன்பின் ஆறு நாள் எழவே முடியவில்லை. எனக்கோ அந்த மாதச் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை.

சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆசிரியனுக்கு வேறென்ன தெரியும்? ஹட்டன் கடைவீதியில் தேயிலைப் பொட்டலம் விற்கும் பெண்ணுக்கு, நோய்க்கோ சொந்த அலுவலுக்கோ, ஆண்டுக்கு 7 நாள் சம்பளத்துடன் லீவு எடுக்க 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இடமளிக்கிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவள் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறாள். அதில் வருடாந்த லீவு உண்டு, அதுவும் முன்னாண்டு வேலைக்கு வந்த நாட்களை எண்ணி. நோய்க்கென்று ஒன்று இல்லை. நோயில் கிடந்தவள் இவ்வாண்டுப் பேரையும் இழந்து, அடுத்த ஆண்டு லீவிலும் குறையக் காண்பாள்.

இதைவிட என்னை உறுத்தியது பெரியம்மாவின் பழைய கடிதம். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேற்றப்பட்டவர்களில் அவரும் ஒருவர்; நீலகிரியில் மீண்டும் கொழுந்துக் கூடையே தலையில் ஏறிற்று. அங்கே 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வைத்தியர் சான்று தந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு என்று எழுதிவைத்திருந்தது. 'வைத்தியர் சீட்டுக் கொடுத்தேன், படுத்த நாளுக்கும் கொஞ்சம் காசு போட்டார்கள்' என்று பெரியம்மா எழுதியிருக்கிறார். அக்காளும் தங்கையும், ஒரே தொழில். இடையில் கடல் மட்டும்.

விமானிகளைப் பற்றியும் ஒன்று படித்தேன். தன் உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்த விமானி விமானம் ஓட்டலாகாது என்பது சர்வதேச விதி. கொள்ளைநோய்க்கால ஏற்பாடுகள் முடிந்தபின் நோய் லீவு என்னவாகும் என்பது அவர்களுக்கும் கவலைதான். ஆயினும் நோயுற்ற விமானியால் முந்நூறு பேருக்கு ஆபத்து என்பதை உலகம் ஒப்புக்கொள்கிறது. முதுகொட்டி நிற்கும் பன்னிரண்டு காம்பராக்கள், பொதுப் பீலி, ஒரே பிள்ளைக் காம்பரா: இங்கே ஒருவர் மறைத்த இருமல் எத்தனை பேரைச் சேரும் என்று எந்த விதியும் எண்ணிப் பார்க்கவில்லை.

குற்றம் கம்பனிகளுடையது மட்டுமா? நான் போன சம்பளப் போராட்டக் கூட்டங்களில் எல்லாம் ரூபாவின் எண்ணிக்கைக்கே குரல் கொடுத்தோம். 2024இல் 1350 ஆனது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் அதை 1550 ஆக்கவும், அரசு தன் பங்குக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு வழங்கவும் முன்மொழிந்தது. நல்லதே; மறுக்கவில்லை. ஆனால் வருகைக்கு விலை வைத்தவர்கள், வர இயலாதவளைப் பற்றி ஒரு வரி சேர்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

சென்ற மாதம் சக ஆசிரியர்கள் சிலருடன் கூடி ஒரு மனு எழுதினேன். தொழில் அமைச்சுக்கும் சங்கங்களுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. கடைச் சிப்பந்திக்குள்ள அந்த ஏழு நாளையாவது தோட்டத்துக்கும் தாருங்கள் என்பதே சாரம். இரவு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஏழு நாள் சரி. முடியாமப் போயி கொழுந்து கொறஞ்சா போடுறானுங்களே அரப் பேரு, அதையும் எழுதுப்பா."

எழுதினேன்.