சிலிண்டர் சொல்லும் மோல் கணக்கு

பிளஸ் ஒன் வேதியியலில் முதல் பாடத்திலேயே மோல் வந்துவிடும். ராஜகீழ்ப்பாக்கத்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் பலர் அதைச் சூத்திரமாகவே கொண்டுவருவார்கள்: நிறையை மோலார் நிறையால் வகு. வகுக்கத் தெரியும், எதற்கு வகுக்கிறோம் என்பதுதான் தெரியாது. அதனால் அவகாட்ரோ எண்ணை முதல் நாள் நான் தொடுவதே இல்லை. கேஸ் சிலிண்டரில் ஆரம்பிப்பேன்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. முழுக்க எரிந்தால் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்?

“பதினாலுக்குக் கொஞ்சம் கம்மியா வரும் சார்.”

வருவது சுமார் 43 கிலோ. சொன்னால் சிரிப்பார்கள். போட்டுப் பார் என்பேன்.

கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்குக்காக எல்லாம் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். அதன் 2 மூலக்கூறு எரிய 13 மூலக்கூறு ஆக்சிஜன் வேண்டும். 8 மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடும் 10 மூலக்கூறு நீரும் கிடைக்கும். சமன்பாட்டில் இருப்பது இந்த எண்ணிக்கை மட்டுமே. எடை அதில் கிடையாது. தராசிலோ எடை மட்டும்தான் தெரியும். ஆகவே கிராமை மோலாக்காமல் சமன்பாட்டுப் பக்கமே போகக்கூடாது.

14,200 கிராமை 58-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 245 மோல். ஒன்றுக்கு நான்காக 980 மோல் கார்பன் டை ஆக்சைடு. 44-ஆல் பெருக்கினால் 43 கிலோ. கூடவே 22 கிலோ நீராவி. கூடுதல் எடை, காற்றிலிருந்து எடுத்த 51 கிலோ ஆக்சிஜன். இருபுறமும் 65 கிலோ என்று தாங்களே கூட்டிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிடும்.

அப்புறம்தான் அந்தப் பெரிய எண். 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்கள் என்றிருந்த வரையறை போய், 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³. அவகாட்ரோ 1856இல் இறந்தபோது அந்த எண் யாருக்குமே தெரியாது. இயற்பியலாளர் பெரின் 1909இல்தான் அவர் பெயரை அதற்குச் சூட்டினார்.

அடுப்பு மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று எல்லா வீட்டிலும் தெரியும். அங்கே ஆக்சிஜன்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்துபோவது. இதில் ஒரு கணக்கு கொடுப்பேன்: 58 கிராம் பியூட்டேன், 160 கிராம் ஆக்சிஜன், முதலில் தீர்வது எது? எடையைப் பார்த்து ‘பியூட்டேன்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. ஆக்சிஜன் 5 மோல்தான் இருக்கிறது, தேவை 6.5 என்று எழுதியவர் கடைசிப் பெருக்கலில் தப்பு விட்டிருந்தாலும் நான் குறைப்பதில்லை.