நகர்கட்டிலும் உப்புப் பலகையும்

கருவி என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. இசைப்போர் கையில் இருப்பதும் கருவி. உழுவோர் கையில் இருப்பதும் கருவி. கண், செவி முதலியவற்றை அறிகருவி என்றும், கை, கால் முதலியவற்றைத் தொழிற்கருவி என்றும் வழங்குவது மரபு. உடம்பின் உறுப்பையும் அவ்வுறுப்புக் கையாளும் பொருளையும் ஒரே சொல்லால் குறிக்கும் இவ்வழக்கினை யாம் வகுப்பறையில் பலமுறை விளக்கியதுண்டு. ஆயினும், கடந்த கோடை விடுமுறையில் மரக்காணத்து உப்பளங்களின் அருகே தங்கியிருந்த நாள்களில்தான், அச்சொல்லின் இருபொருளும் முதுகெலும்பில் வந்து கூடுவதை நேரில் உணரும் வாய்ப்புக் கிட்டிற்று.

முதுகெலும்பு எம்முடையது. ஆண்டுக்கணக்கில் குனிந்தமர்ந்து விடைத்தாள் திருத்துவோர்க்கு இடுப்பிற்குச் சற்று மேலே வரும் வலி ஆசிரிய உலகிற்குப் புதிதன்று. தைலமும் மாத்திரையும் கைவிட்ட நிலையில், எலும்பு மருத்துவர் எம்மைப் புதுச்சேரியிலுள்ள இயன்முறை மருத்துவ நிலையம் ஒன்றிற்கு அனுப்பிவைத்தார். மரக்காணத்தில் உறவினர் இல்லத்தில் தங்கிக்கொண்டு, வாரம் இருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பேருந்தில் சென்று வந்தோம். அங்கே எமக்காகக் காத்திருந்தவை பிலாட்டீஸ் என்னும் பயிற்சிமுறைக்குரிய கருவிகள். தச்சுப் பட்டறைக்கும் தறிக்கூடத்திற்கும் இடைப்பட்ட ஏதோவோர் இடத்துள் புகுந்துவிட்டாற்போன்ற மயக்கம் முதல்நாள் எமக்கு உண்டாயிற்று.

அக்கருவிகளை ஆக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். இளமையில் ஈளை நோயால் நலிந்தவர். அந்நலிவே அவரை உடற்பயிற்சியின்பால் உந்தியது. முதல் உலகப்போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தமையால், பகைநாட்டவர் எனச் சிறைபிடிக்கப்பெற்று மேன் தீவிலிருந்த முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே எழுந்து நிற்கவியலாத நோயாளிகளின் கட்டில்களில் சுருள்விற்களைப் பொருத்தி, படுத்தபடியே அவர்கள் கைகால்களை இயக்கச் செய்தார் எனச் சொல்வர். பின்னாளில் அவர் அமைத்த கருவிகளைப் பார்ப்போர் அதனை எளிதில் நம்புவர். அவற்றுள் பெரியவை யாவும் கட்டிலின் வழித்தோன்றல்களே. 1926இல் நியூயார்க் நகரில் குடியேறி, 1927இல் தம் கருவியொன்றிற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். நடனக் கலைஞர்கள் பலர் அவரை நாடினர். காலை முறித்துக்கொண்டால் பிழைப்பும் முறிந்துபோகும் தொழில் அவர்களுடையது அன்றோ? 1967இல் அவர் மறைந்தார். 'பிலாட்டீஸ்' என்பது எவரும் வழங்கத்தக்க பொதுப்பெயரே என 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் அம்முறை உலகெங்கும் பரவிற்று.

கருவிகளுள் தலையாயது ரிஃபார்மர். இதனைச் 'சீர்திருத்தி' என்று பெயர்த்தால் கேட்போர்க்கு மேடைப் பேச்சாளர் நினைவே வரும். ஆகவே யாம் எம்மளவில் 'நகர்கட்டில்' என்று பெயரிட்டுக்கொண்டோம். நீண்ட மரச்சட்டம்; அதன்மேல் உருளைகளில் ஓடும் மெத்தைப் பலகை; அப்பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் நான்கைந்து சுருள்விற்கள்; கால் ஊன்ற ஒரு குறுக்குத்தண்டு; கையால் பற்றி இழுக்க இரு கயிறுகள். மல்லாந்து படுத்துத் தண்டினை உதைத்தால் பலகை நகரும், வில் விரியும். உதைத்ததோடு வேலை முடிந்ததெனக் காலைத் தளர்த்தினால் பலகை ஓடிவந்து சட்டத்தில் மோதி ஓசையெழுப்பும். எமக்கு முதல்வாரம் முழுதும் அவ்வோசைதான். வில்லானது விரிய விரிய மிகுதியாய் எதிர்க்கும். சுருங்கும்போதோ அதனை மெல்ல மெல்ல வரவேற்றுக் கொணர்தல் வேண்டும். தள்ளுவதைக் காட்டிலும் தாங்கித் திரும்புவதே தசைக்குப் பெரும்பாடம் என்று பயிற்றுவித்த அம்மையார் கூறினார். இன்னொரு விந்தையும் உண்டு. வில்லின் எண்ணிக்கையைக் குறைத்தால் சில பயிற்சிகள் எளிதாவதற்கு மாறாகக் கடினமாகின்றன. ஏந்திப்பிடிக்கும் துணை குறையவே, ஆடாமல் நிற்கும் பொறுப்பு முழுதும் வயிற்றுத் தசைமேல் விழுந்துவிடுகிறது.

அடுத்தது காடிலாக். மகிழுந்தின் பெயர்தான். நான்கு தூண்களும் மேற்சட்டமும் கொண்ட உயர்ந்த மேடை. நம் ஊர்ப் பந்தல் கட்டிலை ஒத்திருக்கும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தொங்கும் விற்களில் கையையோ காலையோ மாட்டி, உறுப்பின் கனத்தைக் கருவியிடம் ஒப்படைத்துவிடலாம். அறுவை மருத்துவத்திற்குப்பின் தேறுவோர்க்கும் முதியோர்க்கும் ஏற்றது. வுண்டா சேர் என்பது ஒரு பெட்டியும் அதன் முன்னே வில்லால் எதிர்க்கும் மிதிகட்டையுமே. இடம் சிறிது, பயிற்சியோ கடிது. இருந்தும் நின்றும் மிதிப்பதால் முழங்காலுக்கும் நிலைபேற்றிற்கும் உரியது. பீப்பாய் வடிவான வளைமேடைகள் கூன்விழத் தொடங்கிய முதுகினைப் பின்னோக்கி நிமிர்த்தற்கு உதவுவன. தொடையிடையே வைத்து அழுத்தும் வளையமொன்றும் உண்டு. பீப்பாயின் இரும்புப் பட்டையிலிருந்து அது தோன்றிற்றாம். அதனைப்பற்றி விரித்துரைக்க ஏதுமில்லை.

இனி மரக்காணத்திற்கு வருவோம். சங்கப் பாட்டில் புகழ்பெற்ற எயிற்பட்டினம் இதுவே எனக் கருதும் அறிஞர் உளர். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இங்குதான். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கழுவெளியும் அருகிலேயே உள்ளது. இப்பெருமைகளையெல்லாம் பேருந்தில் செல்வோர் அறியார். அவர்கள் காண்பது வெயிலில் மின்னும் பாத்திகளையும், கீற்று மூடிய உப்புக் குவியல்களையும்தான்.

விடியலில் அவ்வரப்புகளின்மேல் நடப்பது எமக்கு மருத்துவர் விதித்த கடமை. வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டித் தொழிலாளர் இருள் பிரியாப் பொழுதிலேயே அளத்தில் இறங்கிவிடுகின்றனர். பருவத்தின் தொடக்கத்தில் பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குவர். பின்னர் உப்புநீரைப் பாத்திவிட்டுப் பாத்தி மாற்றிக் காய்ச்சுவர். மூன்று, மூன்றரை போமே அளவிலுள்ள கடல்நீர் ஏறத்தாழ 25 போமே செறிவை எட்டும்போது உப்புப் பூக்கத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் கைப்புச் சுவையுள்ள மக்னீசிய உப்புகள் கலந்துவிடும் என்பதால் அதற்குள் நீரை வடித்துவிட வேண்டும். விளைந்த உப்பை நீண்ட மூங்கிற்காம்பு பூட்டிய பலகையால் வாரி வரப்போரம் ஒதுக்குவது பெரும்பாலும் ஆடவர் பணி. அதனைக் கூடையில் அள்ளித் தலைமேல் சுமந்து சென்று குவிப்பது பெண்டிர் பணி.

அப்பலகையை இழுக்கும் இளைஞரை ஒருநாள் நெடுநேரம் நோக்கிநின்றோம். இடுப்பை மடக்கி, கைகளை நீட்டி, தோளைத் தாழ்த்தி, ஒரே சீராக இழுத்தார். நகர்கட்டிலில் கயிற்றைப் பற்றி யாம் இழுப்பதும் ஏறக்குறைய அதே இழுப்புத்தான். கரையிலிருந்த மூதாட்டியாரிடம் எம் பயிற்சியைப்பற்றிச் சொன்னோம்; செலவையும் அவரே கேட்டறிந்தார்.

"இன்னா வாத்தியாரே, துட்டு குடுத்தா இழுக்கிறீங்க? இங்க வந்து இழுங்க, கூலியே தருவாங்க!"

கரையிலிருந்தோர் அனைவரும் நகைத்தனர், யாமும் நகைத்தோம். சிறிது நேரம் சென்றபின் அவரே தணிந்த குரலில் கேட்டார்: "படுத்துகினு இழுத்தா மெய்யாலுமே வலி போவுதா? முட்டிக்கு எதனா இருக்குதா அதுல?"

உழைப்போர்க்கு உடற்பயிற்சி எதற்கு என்று படித்தவர் பலர் மேடையிலேயே கேட்கின்றனர். அம்மூதாட்டியாரின் முழங்கால் அவ்வினாவிற்கு விடை. அளத்து இழுப்பில் எதிர்ப்பு உண்டு. ஏந்திப்பிடிக்கும் துணை இல்லை. நகர்கட்டிலில் முதுகு பலகைமேல் கிடப்பதால் உடலின் கனம் தண்டுவடத்தின்மேல் இறங்குவதில்லை; அளத்திலோ குனிந்த முதுகே உடலையும் உப்பையும் ஒருங்கே சுமக்கிறது. வலப்புறம் பத்துமுறை செய்ததை இடப்புறமும் பத்துமுறை செய்யச் சொல்வது பயிற்சி. பாத்தி அவ்வாறு சொல்வதில்லை; பழகிய கை எப்பக்கமோ அப்பக்கமே நாள்முழுதும் முறுக்கிக்கொள்கிறது. வலித்தால் ஒரு வில்லைக் கழற்றிவிடலாம். கூடையில் அள்ளிய உப்பைக் கழற்றிவிட இயலுமா? அத்தோடு தலைச்சுமை கழுத்தை அழுத்த, உவர்நீரில் ஊறிய பாதம் வெடிக்க, வெண்பரப்பின் ஒளி கண்ணைக் குத்த, ஒரே உடம்பு எல்லாப் பக்கமும் தேய்கிறது.

கருவிகொண்டு உடலைப் பேணுதல் நமக்கு அயலார் கற்பித்ததன்று. நம் கர்லாக்கட்டையைப் போன்றவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினர் இந்நாட்டில் கண்டு பழகித் தம் நாட்டிற்குக் கொண்டுசென்றனர்; 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே நடந்தது. ஆனால் கர்லாவும் இளவட்டக்கல்லும் வலியோரை மேலும் வலியோராக்கவும், வலிமையைச் சோதித்துப் பார்க்கவும் எழுந்தவை. கல்லைத் தூக்க இயலாதவனுக்கு அக்கல் வழங்கியது ஊராரின் ஏளனம் ஒன்றைத்தான். நோயாளியின் கட்டிலிலிருந்து புறப்பட்ட கருவி, எழவியலாதவனையே முதல் மாணாக்கனாகக் கொண்டது. எம் மதிப்பீட்டில் பிலாட்டீசின் தனிச்சிறப்பு இதுவே.

இதனால் அக்கருவிகளை வானளாவப் புகழவேண்டுவதில்லை. இடுப்புவலிக்குப் பிலாட்டீஸ் பயன்படுமா என்பதை ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு, 510 பேர் பங்கேற்ற 10 சோதனைகளை எடைபோட்டது. வாளாவிருத்தலைவிட இப்பயிற்சி நன்று. ஆயின் பிறவகை உடற்பயிற்சிகளைவிட உயர்ந்தது எனத் துணியச் சான்றில்லை என்பது அதன் முடிபு. பிலாட்டீசே 1945இல் வெளியிட்ட நூலில் விளக்கிய 34 பயிற்சிகளும் கருவியின்றிப் பாயில் செய்யத்தக்கவை. பளபளக்கும் விளம்பரத் தாள்களில் இச்செய்தி இடம்பெறுவதில்லை. இடம்பெற்றால் கருவி விற்பது எங்ஙனம்? ஒரு நகர்கட்டிலின் விலை உப்பளத் தொழிலாளி ஒருவரின் பருவக்கூலி முழுவதையும் விழுங்கிவிடும்.

மூதாட்டியாரின் வினாவை எம் பயிற்சி அம்மையாரிடம் சேர்ப்பித்தோம். "முட்டியைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை" என்றார் அவர். சொன்னதோடு நில்லாது, ஒரு ஞாயிறு காலை தம் இருசக்கர வண்டியிலேயே மரக்காணம் வந்து சேர்ந்தார். அளத்துக் கொட்டகையில் ஆறேழு பெண்டிர் சூழ்ந்து அமர்ந்தனர். ஒவ்வொருவர் முழங்காலையும் மடக்கியும் நீட்டியும் பார்த்தார். இருவரை உடனே எலும்பு மருத்துவரிடம் செல்லுமாறு கூறினார். மற்றவர்க்கு, பழைய மிதிவண்டிச் சக்கரத்தின் ரப்பர்க் குழாயைக் கொட்டகைத் தூணில் கட்டி, உட்கார்ந்தபடியே காலை நீட்டி, நான்கு எண்ணும்வரை மெல்ல மடக்கக் கற்பித்தார். "இதான் இஸ்பிரிங்கா?" என்று மூதாட்டியார் அக்குழாயை இழுத்து இழுத்துப் பார்த்தார். குழாயை விட்டபோது அது அவர் கையில் சுளீரென்று பட்டது. எம் முதல்வாரத்து ஓசை எமக்கு நினைவுக்கு வந்தது.

இவற்றையெல்லாம்விடப் பயிற்சி அம்மையாரின் கண் நின்ற இடம் வேறு. கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பலகைகளை எடுத்து ஒன்றோடொன்று அளந்து பார்த்தார். காம்புகள் யாவும் ஏறத்தாழ ஒரே நீளம். இழுப்போரோ குட்டையும் நெட்டையுமாகப் பல உயரத்தினர். நகர்கட்டிலின் கால்தண்டினையும் கயிற்றினையும் ஒவ்வொருவர் உயரத்திற்கும் ஏற்ப முதலில் திருத்தியபின்னரே பயிற்சி தொடங்குவது அவர் வழக்கம். யாம் முன்னர் நோக்கிநின்ற இளைஞர் அளத்திலேயே மிக உயரமானவர். அவரை அழைத்துப் பலகையைப் பற்றி நிற்கச் சொல்லி, இடுப்பு மடங்கும் அளவைக் காட்டினார். அரை முழம் நீண்ட காம்பென்றால் இவ்வளவு குனிய வேண்டியிராது என்றார்.

இளைஞர் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளம் கூடினால் பலகையின் முனையில் அழுத்தம் குறைந்து அடியுப்புத் தங்கிவிடும் என்பது அவர் கருத்து. அதற்கு அம்மையாரிடம் விடையில்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதென இருவரும் உடன்பட்டனர். ஐப்பசி மழைக்கு முன் காம்பு மாற்றும் வேலை வரும். அப்போது தமக்கென ஒரு மூங்கிலைத் தனியே நீட்டி வெட்டிக்கொள்வதாக இளைஞர் சொன்னார்.