கிளாத்திக்கு யார் துணை?

ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள கிளவுன் ட்ரிகர் குஞ்சைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். கரிய உடம்பு முழுக்க வெள்ளைப் பொட்டு, வாயைச் சுற்றி மஞ்சள். வாலை ஆட்டாமல், முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் மட்டும் அலைய விட்டு மிதந்து வரும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலும். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கடல்நீர்த் தொட்டிகளுக்கு முன்னால் நிற்பவர்கள் பலர் இந்த மீனிடம் மனதைப் பறிகொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நிமிடம் கடைக்காரரிடம் அவர்கள் கேட்பது இதுதான்: “அண்ணே, இதுகூட வேற என்ன மீன் விடலாம்?”

கடல் மீன் வளர்ப்பவன் என்பதால் எனக்கும் அந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. நாலு மீன் பெயரைச் சொன்னால் போதும் என்று கேட்பவர் நினைக்கிறார். சொல்லலாம்தான். ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு தொட்டிக்குப் பொருந்தும், அடுத்த தொட்டிக்குப் பொருந்தாது. அதனால் நான் முதலில் ஒன்றைத்தான் யோசிக்கச் சொல்வேன். இந்த மீன் எதைக் காத்துக்கொண்டிருக்கிறது? இரையையா, இரவில் ஒடுங்கும் பொந்தையா, துணையையா, முட்டையையா? அது தெரிந்தால் யாரைப் பக்கத்தில் விடலாம், யாரை விடக்கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

ட்ரிகர் மீன்களை நம் கடற்கரைகளில் கிளாத்தி என்பார்கள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 40 வகைகள் உண்டு. இவற்றில் பலவற்றின் சாப்பாடு ஓடும் முள்ளும் உள்ள உயிர்கள்: நண்டு, மட்டி, சிப்பி, கடல் முள்ளெலி. அவற்றை உடைக்கத்தான் அந்தத் தாடையும் பற்களும். முள்ளெலியைக் கண்டால் வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அதைப் புரட்டிப் போட்டு, முள் குட்டையாக இருக்கும் அடிப்பக்கத்தைக் கடிக்கும். கண்கள் வாயிலிருந்து வெகு தூரம் பின்னால், தலையின் உச்சிப் பக்கம் இருப்பதால் முள் கண்ணில் குத்தாது. ஆபத்து வந்தால் பாறைப் பொந்துக்குள் புகுந்து முதுகின் முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது முள் அதற்குத் தாழ்ப்பாள். அது இறங்கினாலொழிய முதல் முள்ளை மடக்க முடியாது, மீனை வெளியே இழுக்கவும் முடியாது. தூங்குவதும் அந்தப் பொந்தில்தான். கிளாத்திக்குப் பொந்து என்பது உயிர்.

பவளப்பாறைகளில் முக்குளிப்பவர்கள் டைட்டன் ட்ரிகரைக் கண்டு ஒதுங்கிப் போவார்கள். 75 சென்டிமீட்டர் வரை வளரும் இந்தக் கிளாத்தி, மணலில் முட்டையிட்டுக் காக்கும் காலத்தில் ஆளையே துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி அகன்றுகொண்டே போகிறது. அதனால் தப்ப நினைப்பவர் மேலே எழும்பக்கூடாது, பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லித் தருவார்கள். முட்டை இல்லாத நாட்களில் அதே மீன் பெரும்பாலும் தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். இந்த ஒரு மீனை நினைத்துக்கொண்டாலே, மூர்க்கம் என்று நாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதற்கு இடமும் காலமும் காரணமும் உண்டு என்பது விளங்கும்.

பவளப்பாறை மீன்களின் சண்டையைப் பற்றி ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரென்ஸ். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மூர்க்கம் பற்றி 1963இல் அவர் வெளியிட்ட நூல் பவளப்பாறை மீன்களில்தான் தொடங்குகிறது. பளிச்சென்ற வண்ணம் கொண்ட மீன்கள் மற்றவரை விட்டுவிட்டுத் தம்மைப் போன்ற வண்ணம் கொண்ட மீனையே அதிகம் தாக்குகின்றன என்பது அவர் கண்டது. ஒரே இனம் என்றால் ஒரே இரை. அதனால் ஒன்றையொன்று விரட்டித் தூரமாக்கிக்கொள்கின்றன என்று விளக்கினார். பின்னால் வந்த ஆய்வுகள் இதை இன்னும் விரித்தன. பாறையில் பாசி வளர்த்துக் காக்கும் டாம்சல் மீன்கள், அந்தப் பாசியைத் தின்ன வரும் வேற்றின மீன்களையும் விரட்டுகின்றன. தன்னைப் போல் இருப்பவரோடு, தன் இரையைத் தின்ன வருபவரோடுதான் பகை.

தொட்டி வைப்பவருக்கு இதிலிருந்து நேராக ஒரு வழி கிடைக்கிறது. துணை மீன் மூன்று விதத்தில் வேறுபட்டிருக்க வேண்டும். உருவத்திலும் வண்ணத்திலும் கிளாத்தியை நினைவுபடுத்தக்கூடாது. இரை வேறாக இருக்க வேண்டும். ஒடுங்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும். பருமனில் மட்டும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். சிறியது இரையாகும். மிகப் பெரிய வாயுள்ள களவாவை விட்டால், குஞ்சாக இருக்கும் கிளாத்தியே அதற்கு இரையாகும்.

பெரிய நாசோ டாங் இந்த அளவுகோலில் தேறும். பாசி மேய்வது, நாள் முழுக்க நடுநீரில் நீந்துவது, வால் அடியில் கத்தி போன்ற எலும்பு முனைகளை வைத்திருப்பது. கிளாத்தியின் தட்டில் அது கை வைக்காது. வளர்ந்த எம்பரர் ஏஞ்சலும் தாக்குப் பிடிக்கும். அதன் வட்டமான உடல், மஞ்சள் நீலக் கோடுகள், பயமில்லாத சுபாவம் எல்லாம் உதவும். ஆனால் இன்னொரு பெரிய ஏஞ்சலை அதனோடு விட்டால் அந்த இரண்டுக்குள் போர் மூளும். ஸ்னோஃபிளேக் அஞ்சாளை இரவில் வேட்டையாடி, பகலெல்லாம் பாறைக்குள் கிடப்பது. கிளாத்தி விழித்திருக்கும் நேரம் வேறு, அஞ்சாளை உலவும் நேரம் வேறு. ஆனால் இரண்டுக்கும் பொந்து வேண்டும். குடியிருப்போர் எண்ணிக்கையைவிடப் பொந்துகள் கூடுதலாக இருக்கும்படி பாறை அடுக்கினால் ஒழிய இந்த ஜோடி ஒத்து வராது. தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வேண்டும், அஞ்சாளை வெளியேறிவிடும்.

விடக்கூடாதவற்றில் முதலாவது லயன் மீன். முதுகில் விஷமுள் இருக்கிறதே, தன்னைக் காத்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். காத்துக்கொள்ளாது. அசையாமல் மிதக்கும், துடுப்புகள் நீண்டு தொங்கும். எதையும் கடித்துப் பார்த்தே அறியும் கிளாத்தியின் முன்னால் அந்தத் துடுப்புகள் சில நாளில் நார்நாராகிவிடும். துப்புரவு இறால், நத்தை, நண்டு ஆகியவை துணையல்ல, உணவு. நிமோ என்று குழந்தைகள் கேட்கும் சிறிய கிளவுன் மீனையும் இங்கே கொண்டுவர வேண்டாம்.

கிளாத்திகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. சிவந்த பல் கொண்ட நைஜர் ட்ரிகர், பாறைக்கு மேலே நீரோட்டத்தில் கூட்டமாக நின்று மிதவை உயிர்களைத் தின்பது. நம் விசைப்படகுகளின் வலையிலும் நிறைய விழுகிற மீன் இது. இரை நீரோட்டத்தில் வந்துகொண்டே இருப்பதால் காப்பதற்கு அதிகமில்லை, அதனால் குணமும் சாந்தம். உடம்பெல்லாம் ஆரஞ்சுக் கோடு ஓடும் அண்டுலேட்டட் ட்ரிகரோ 30 சென்டிமீட்டர்தான் வளரும், ஆனாலும் கிளாத்திகளிலேயே அதைப் போல் பொல்லாதது அரிது. அந்த மீனுக்குத் துணை தேடுவதையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

யாரை விடுவது என்று முடிவானபின், யாரை முதலில் விடுவது என்பது அடுத்த கேள்வி. சாது முதலில், முரடன் கடைசியில். கிளாத்தி ஏற்கெனவே குடியேறியிருந்தால், புதியவரை விடும் நாளில் பாறைகளைக் கலைத்து அடுக்குங்கள். பழைய எல்லைகள் குழம்பிப்போனால் எல்லாரும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். புது மீனைத் துளையிட்ட பெட்டிக்குள் வைத்துத் தொட்டியிலேயே சில நாள் மிதக்க விடுவது நல்லது. கண்ணுக்குப் பழகும், வாய்க்கு எட்டாது. வெளிக் கண்ணாடியில் ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்து வைப்பதும் பயன் தருகிறது. தன் பிம்பத்தோடு மோதுவதில் கிளாத்தி முனைந்திருக்கும்போது, புதியவருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். பழைய மீனுக்கு வயிறு நிறைய இறாலும் கணவாயும் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்தபின் விடுவது இன்னும் உத்தமம்.

இத்தனை செய்தும் ஒன்றை மாற்ற முடியாது. கடலில் தோற்ற மீன் ஓடிவிடும். எல்லையைத் தாண்டியதும் வென்ற மீன் திரும்பிப் போய்விடும், சண்டை முடிந்துவிடும். தொட்டியில் எல்லையைத் தாண்ட வழியில்லை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டி பெரியதாகத்தான் தோன்றும், ஏறக்குறைய 680 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஆனால் அதன் அகலம் 61 சென்டிமீட்டர். கிளவுன் ட்ரிகர் 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய மீன். முழுதாக வளர்ந்தபின் அந்தத் தொட்டி முழுவதும் அதன் எல்லைதான். குஞ்சாக இருந்தபோது ஒற்றுமையாக வாழ்ந்தவை, வளர்ந்தபின் பகையாவதற்கு இது முக்கியமான காரணம். இன்று சமாதானமாக இருக்கும் தொட்டியைப் பார்த்து நாளைக்குக் கணக்குப் போடக்கூடாது.

மலாவி ஏரியின் சிக்லிட் மீன்களை நெருக்கமாக வைத்தால் அடி ஒருவர்மேல் மட்டும் விழாமல் பரவிப்போகும் என்று நன்னீர் வளர்ப்பாளர்கள் ஓர் உத்தி சொல்வார்கள். அதைக் கடல்நீருக்குக் கொண்டுவருவது ஆபத்து. உப்பு நீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரையும். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நச்சும் கூடும். கிளாத்தியோ அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன். கழிவை நுரையாக்கி அகற்றும் நல்ல ஸ்கிம்மர் கருவி இருந்தாலும் அந்த நெருக்கடியைத் தொட்டி தாங்காது.

ஆகவே, எத்தனை மீனைச் சேர்க்கலாம் என்ற கேள்விக்குச் சில தொட்டிகளில் நேர்மையான பதில், ஒன்றும் வேண்டாம் என்பதே. இதைச் சொன்னால் பலர் முகம் வாடுகிறது. தனியாக இருந்தால் மீனுக்கு ஏக்கமாக இருக்காதா என்கிறார்கள். வளர்ந்த கிளவுன் ட்ரிகர் கடலிலும் பெரும்பாலும் தனியாகத் திரிவதுதான். தனியே வளர்க்கப்படும் கிளாத்தி ஆளை அடையாளம் கண்டு கண்ணாடிக்கு ஓடி வரும், கல்லைத் தூக்கி இடம் மாற்றும், மட்டியை ஓட்டோடு போட்டால் உடைத்துத் தின்னப் பொழுதைச் செலவிடும். அதற்கு வேலை வேண்டும், இடம் வேண்டும். கூட்டம் தேவை என்று நினைப்பது நாம்தான்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிளவுன் மீனைப் பொரிப்பகங்களில் வளர்க்கிறார்கள். கடைக்கு வரும் கிளாத்திகளோ பெரும்பாலும் கடலில் பிடிக்கப்பட்டவை. தவறான ஜோடியில் சாகும் ஒவ்வொரு மீனும் ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து எடுத்து வந்தது. ஒத்துவராததைக் கடலில் விட்டுவிடலாம் என்று நினைப்பது அதைவிடக் கேடு. இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய லயன் மீன் 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் காணப்பட்டது. வளர்ப்போர் விட்டதால்தான் வந்தது என்பதே பரவலான முடிவு. இன்று கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்பே, ஒத்துவராவிட்டால் எங்கே மாற்றுவது என்பதற்கு இரண்டாவது தொட்டியோ எடுத்துக்கொள்ள ஆளோ இருக்க வேண்டும்.

கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். தொட்டியில் விலையோடு இன்னும் மூன்று வரிகளை எழுதி ஒட்டுங்கள்: இந்த மீன் எவ்வளவு பெரிதாகும், என்ன தின்னும், எதைக் காக்கும். ஐந்து சென்டிமீட்டர் குஞ்சுக்குப் பக்கத்தில் ‘50 செ.மீ., நண்டு, மட்டி, தன் பொந்து’ என்று எழுதியிருந்தால், துணைக்கு எதை விடலாம் என்ற கேள்வியைக் கேட்பவரே பாதி தீர்த்துக்கொள்வார். சிலர் வாங்காமல் போகலாம், அன்றைக்கு ஒரு விற்பனை குறையலாம். வாங்கிப் போகிறவர் மட்டும் ஆறடித் தொட்டியோடும் பத்து வருடப் பொறுமையோடும் வாங்கிப் போவார். அப்படிப்பட்டவர்தான் அடுத்த மீனுக்கும் உங்கள் கடைக்கு வருவார்.